மௌனப்படங்களைப் பார்ப்பது எப்படி: பிரதி, வேகம், இசை, கண்

மௌனப்படம் ஒன்றைப் பார்க்கத் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் நிறுத்திவிட்டவர்கள் பலர். காரணம் கேட்டால், மனிதர்கள் விறுவிறுவென ஓடினார்கள், படம் மங்கலாகவும் கீறல் விழுந்தும் இருந்தது, காட்சிக்குத் தொடர்பில்லாமல் ஏதோ ஒரு பியானோ ஒலித்துக்கொண்டே இருந்தது, நடிப்பு மிகையாகப் பட்டது என்பார்கள். இவற்றில் முதல் மூன்று குறைகளும் அவர்கள் கையில் கிடைத்த பிரதியைச் சேர்ந்தவை. படத்தின் மீது அவற்றைச் சுமத்துவது நியாயமில்லை. நான்காவது குறைகூடப் பாதிக்கு மேல் முதல் மூன்றின் விளைவுதான். ஆகவே, பழைய படம் பார்க்கப் பொறுமை வேண்டும் என்ற வழக்கமான அறிவுரையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நல்ல பிரதியைத் தேடிப்பிடிக்கச் சற்று நேரம் செலவிட்டுவிட்டால், பொறுமைக்கு அவ்வளவாக வேலை இருக்காது.

பிரதியைத் தேர்ந்தெடுத்தல்

1920களின் மௌனப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பல நாடுகளில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம் என்ற நிலையில், புகழ்பெற்ற ஒரு படத்துக்குப் பல பிரதிகள் கிடைக்கின்றன. அவற்றில் பல, பழைய வீடியோ நாடாவிலிருந்து நகலெடுத்ததை மீண்டும் நகலெடுத்தவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதபோது முதலில் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். ஒரே படம் ஓரிடத்தில் 65 நிமிடமாகவும் வேறோரிடத்தில் 94 நிமிடமாகவும் இருந்தால், குறைந்த நேரம் கொண்டது ஒன்று வேகமாக ஓட்டப்பட்டிருக்கும், அல்லது காட்சிகள் வெட்டப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து நடந்திருப்பதும் உண்டு. அடுத்ததாக, படத்தின் தொடக்கத்தில் எந்த ஆவணக்காப்பகம் எந்தப் பிரதிகளைக் கொண்டு எப்போது மறுசீரமைத்தது என்ற குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். பொறுப்போடு செய்யப்பட்ட மறுசீரமைப்புகள் இந்தக் குறிப்பைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை.

பிரதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மன் இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922இல் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தில் இரத்தக்காட்டேரியான ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே அக்குளில் இடுக்கிக்கொண்டு நகரத்துக்குள் நுழைகிறான். மலிவான கறுப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தால், நட்டநடுப் பகலில், சுவரில் வெயில் பளீரென்று அடிக்கும் தெருவில் அவன் நடந்துபோவது தெரியும். சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் ஒருவன் இப்படி உலாவுகிறானே என்று சிரிப்புத்தான் வரும். அந்தக் காலத்தில் இரவில் படம்பிடிப்பது கடினம் என்பதால், பகலில் எடுத்த காட்சியின் படச்சுருளை நீலச்சாயத்தில் தோய்த்து இரவாக்கிக் காட்டினார்கள். விளக்கொளி வீசும் அறைக்கு மஞ்சள், நெருப்புக்குச் சிவப்பு என்று இதற்கென ஒரு வழக்கமே இருந்தது. சாயம் சேர்த்த மறுசீரமைப்பில் அதே காட்சியைப் பாருங்கள்: தெரு நீலத்தில் உறைந்திருக்கிறது, ஆளரவம் இல்லை, அவன் நிழல் மட்டும் நகர்கிறது. சாயம் போன பிரதியில் கதையே பொருந்தாமல் போகிறது. மௌனப்படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை என்ற நம் எண்ணம், சாயத்தை விட்டுவிட்டு நகலெடுத்த பிற்காலத்தவரால் வந்தது.

ஒரே படத்துக்கு இயக்குநரே இரண்டு வடிவங்களைத் தந்திருப்பதும் உண்டு. சாப்ளின் 1925இல் வெளியிட்ட ‘த கோல்ட் ரஷ்’ படத்தை 1942இல் தாமே சுருக்கி, காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் விளக்கத்தையும் எழுதிக் காட்டும் எழுத்து அட்டைகளை நீக்கிவிட்டு, தம் குரலில் வர்ணனை சேர்த்து மீண்டும் வெளியிட்டார். பிற்கால வடிவத்துக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாப்ளினின் உடல் சொல்லி முடித்ததை அவர் குரல் மறுபடியும் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் 1925 வடிவத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

வேகம்

கேமராவின் கைப்பிடியைச் சுழற்றிப் படம்பிடித்த காலத்தில் நொடிக்கு இத்தனை ஃபிரேம் (அசையாத தனிப்படம்) என்ற கண்டிப்பான அளவு கிடையாது. 16 ஃபிரேமில் எடுத்த படமும் உண்டு, 22 ஃபிரேமில் எடுத்த படமும் உண்டு. ஒரே படத்துக்குள் வேகம் மாறுவதும் உண்டு. ஒலி வந்தபோது, ஒலித்தடம் சீராக ஓட வேண்டும் என்பதற்காக நொடிக்கு 24 என்ற அளவு நிலைபெற்றது. 18 ஃபிரேமில் எடுத்த காட்சியைப் பிற்காலத்துப் புரொஜெக்டரில் 24இல் ஓட்டினால், நடப்பவர் ஓடுவார், ஓடுபவர் துள்ளுவார், தாய் குழந்தையை அணைப்பதுகூட அவசர வேலையாகத் தெரியும். மௌனப்படம் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் பரபரப்பு நடை இப்படி வந்ததுதான்.

வேறு பிரதி கிடைக்காமல் வேகமாக ஓடும் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால், இணையத்தில் வீடியோ காட்டும் செயலிகளில் உள்ள வேகக் கட்டுப்பாட்டை 0.75இல் வைத்துப் பாருங்கள். 18க்கும் 24க்கும் உள்ள விகிதம் அதுவே. இசை இழுபடும் என்பதால் ஒலியை அணைத்துவிட வேண்டும். வேகம் சரியா என்பதை அறிய, தெருவில் பின்னணியில் நடந்துபோகிறவர்களையும், காற்றில் அசையும் துணியையும், மேலிருந்து விழும் நீரையும் கவனியுங்கள். நடிகர்கள் வேண்டுமென்றே வேகமாக அசையலாம், நீர் அப்படி விழாது. ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். நகைச்சுவைப் படங்களில் துரத்தல் காட்சிகளைக் கேமராவின் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி எடுத்து, திரையில் வேகமாகத் தெரியும்படி செய்தார்கள். அங்கே வேகம் நகைச்சுவையின் ஒரு பகுதி. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

திரையும் அறையும்

மௌனப்படத்தின் சட்டம், அதாவது படம் தெரியும் செவ்வகம், அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏறத்தாழ நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தது. அகலமான தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வருவதுதான் சரி. அவற்றை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் எல்லோரும் குட்டையாகிவிடுவார்கள். பெரிதாக்கினால் தலையோ காலோ வெட்டுப்படும். அசைவை மென்மையாக்கும் வசதி உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாத ஃபிரேம்களை இட்டுக்கட்டி இடையில் செருகும் அந்த வசதி, பழைய படங்களின் மணிமணியான தன்மையை மெழுகுபோல வழித்துவிடுகிறது. அறை இருட்டாக இருக்கட்டும். கைப்பேசி அருகில் வேண்டாம். பேசும்படத்தில் கண்ணை எடுத்தாலும் காது கதையைத் தொடரும்; மௌனப்படத்தில் ஐந்து நொடி கண்ணை எடுத்தால் ஐந்து நொடிக் கதை போய்விடும்.

இசை

மௌனப்படங்கள் திரையரங்கில் மௌனமாக ஓடியதில்லை என்பதே பொது விதி. சிறிய அரங்கில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் ஆர்கன் அல்லது முழு இசைக்குழு. ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று பாத்திரங்களுக்கெல்லாம் குரல் கொடுத்துக் கதை சொல்லும் பென்ஷி என்ற கலைஞர்கள் இருந்தார்கள். நடிகர்களுக்கு நிகரான புகழ் பெற்ற பென்ஷிகளும் உண்டு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் சேர்ந்து பார்க்கும்போது இதைப் பின்பற்றலாம். ஒருவர் எழுத்து அட்டைகளைத் தமிழாக்கி உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தால், ஆங்கிலம் வாசிக்க முடியாதவர்களும் படத்தோடு ஒன்றிவிடுவார்கள்.

சில படங்களுக்கு அவற்றுக்கென்றே எழுதப்பட்ட இசை எஞ்சியிருக்கிறது. ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு காட்ஃப்ரீட் ஹுப்பர்ட்ஸ் எழுதிய இசை, பிற்காலத்தில் படத்தை மறுசீரமைத்தவர்களுக்குக் காட்சிகளின் வரிசையைக் கண்டறியவே துணைசெய்தது. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931இல், பேசும்படங்கள் அரங்குகளைக் கைப்பற்றிவிட்ட பிறகு, பேச்சில்லாமல் ஆனால் ஒலித்தடத்தோடு வெளிவந்தது. இசையைச் சாப்ளினே அமைத்தார். தொடக்கக் காட்சியில் பிரமுகர்களின் மேடைப்பேச்சு வெறும் கீச்சொலியாகக் கேட்பது பேசும்படங்கள் மீதான கிண்டல். இதன் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது படத்தின் ஒரு பாதியை இழப்பதாகும்.

பிற படங்களுக்கு இசை என்பது பின்னால் வந்தவர்களின் விளக்கம். இந்தியாவில் எடுக்கப்பட்டு 1928இல் வெளிவந்த ‘ஷிராஸ்’ படத்தைப் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மறுசீரமைத்தபோது அனுஷ்கா ஷங்கர் புதிதாக இசையமைத்தார். அதைக் கேட்டவர்களுக்குப் படமும் புதிதாகவே தெரியும். ஒரே படத்துக்கு இரண்டு இசை வடிவங்கள் கிடைத்தால், ஒரு காட்சியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் சோகமாகத் தோன்றிய அதே முகம் இன்னொன்றில் வஞ்சகமாகத் தோன்றக்கூடும். கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டவைத்த இசை என்றால் தயங்காமல் ஒலியை அணைத்துவிடுங்கள். பொருந்தாத இசையைவிட நிசப்தம் மேல். ஆனால் நிசப்தத்தில் முழுநீளப் படம் பார்ப்பது பழகியவர்களுக்கே இயலும், தொடக்கத்திலேயே அதை முயல வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது

திரைப்பட வரலாற்று நூல்களின் வரிசையில் தொடங்காதீர்கள். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கித் திரையிட்ட, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாத படங்களிலிருந்து ஆண்டுவாரியாக நகர்ந்தால், 1910ஐத் தாண்டும் முன்பே ஆர்வம் வற்றிவிடும். நகைச்சுவையில் தொடங்குங்கள், அதிலும் பஸ்டர் கீட்டனில் தொடங்குங்கள் என்பது என் பரிந்துரை. 1924இல் வெளிவந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ வெறும் 45 நிமிடம். திரையரங்கில் புரொஜெக்டர் இயக்கும் இளைஞன் தூங்கிப்போகிறான். கனவில் அவன் திரைக்குள்ளேயே ஏறி நுழைகிறான். உள்ளே போன பிறகு அவன் மட்டும் அப்படியே இருக்க, சுற்றியுள்ள இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. கடலுக்குள் குதிப்பவன் பனிக்குவியலில் தலைகுப்புற விழுகிறான். கணினி வரைகலை இல்லாத காலத்தில் உடலை அங்குலம் அங்குலமாக அளந்து நிறுத்தி எடுத்த வித்தை அது.

கீட்டனிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவர் கேமராவைத் தள்ளியே வைப்பது. 1928இன் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் சூறாவளியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மீது சரிகிறது. மாடியின் திறந்த ஜன்னல் அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து இறங்குவதால் அவர் தப்புகிறார். சுவர் உண்மையானது, எடையும் உண்மையானது, ஜன்னலுக்கும் அவர் தோளுக்கும் இடையே இருந்தது சில அங்குலமே. இடையில் வெட்டு இல்லாமல், அதாவது வேறொரு ஷாட்டுக்குத் தாவாமல், வீட்டையும் மனிதனையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டியதால்தான் நாம் நம்புகிறோம். க்ளோஸ்-அப்பாகத் துண்டுபோட்டு எடுத்திருந்தால் அது ஒரு தந்திரம் என்று கடந்துபோயிருப்போம்.

கீட்டன், சாப்ளின், ஹெரால்டு லாயிட் என்று சில படங்கள் பார்த்து முடித்த பிறகு, முர்னாவின் ‘சன்ரைஸ்’ படத்துக்குப் போகலாம். அதற்கும் பிறகு டென்மார்க் இயக்குநர் டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படம். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ சிறந்த படம்தான். ஆயினும் பாடத்திட்டங்களில் முதலில் வைக்கப்படுவதாலேயே பலருக்கு அது பாடமாகவே நின்றுவிட்டது. அதைச் சற்றுப் பிந்திப் பார்த்தால் அதன் வெட்டுகளின் வேகம் உடம்பில் உறைக்கும்.

கண்ணால் கேட்பது

பேசும்படத்தில் யார் பேசுகிறாரோ அவரைப் பார்க்கவே நம் கண் பழகியிருக்கிறது. மௌனப்படத்தில் அந்தக் கட்டளை இல்லை. இதனால் தொடக்கத்தில் எங்கே பார்ப்பது என்ற தடுமாற்றம் ஏற்படுவது இயல்பே. அப்போது கைகளைப் பாருங்கள். அடுத்து, சட்டத்தின் விளிம்பில் என்ன இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, ஒளி எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். எழுத்து அட்டை நெடுநேரம் நிற்பது அலுப்பாக இருக்கும். மெதுவாக வாசிப்பவர்களையும் கணக்கில் வைத்து விடப்பட்ட நேரம் அது. வாசித்து முடித்தபின் மிஞ்சும் அந்த நொடிகளில் முன்னால் பார்த்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அட்டைக்குப் பிறகு அந்த முகம் எப்படித் திரும்பி வருகிறது என்று ஒப்பிடலாம். அட்டையே நடிப்பதும் உண்டு. ‘சன்ரைஸ்’ படத்தில் மனைவியை நீரில் மூழ்கடிக்கலாமே என்று நகரத்துப் பெண் சொல்லும் வரியில், மூழ்குவதைச் சொல்லும் எழுத்துகள் தாமே கீழே வழிந்து மூழ்குகின்றன. முர்னாவ் அதற்கு முன் 1924இல் எடுத்த ‘த லாஸ்ட் லாஃப்’ படத்தில், ஒரு விடுதிக் காவலாளி தன் சீருடையைப் பறிகொடுக்கும் கதையை, இறுதிப் பகுதிக்கு முன் வரும் ஒரே ஓர் அட்டையைத் தவிர வேறு அட்டையே இல்லாமல் சொல்லிவிட்டார்.

மிகை நடிப்பு என்ற புகாருக்கு வருவோம். மிகையாக நடித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சிறந்தவர்களை வைத்தே ஒரு கலையை மதிப்பிட வேண்டும். டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 1919ஆம் ஆண்டுப் படமான ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ஸில் லிலியன் கிஷ் ஏற்ற பாத்திரம், அடித்துத் துன்புறுத்தும் தந்தையோடு வாழும் சிறுமி. முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள் என்று தந்தை அதட்டும்போது அவள் இரண்டு விரல்களால் உதட்டின் இரு முனைகளையும் மேலே தள்ளிச் சிரிப்பை வரவழைக்கிறாள். கண்கள் அப்படியே கலங்கி இருக்கின்றன. இந்தச் சைகையைச் சிறியது என்பதா, பெரியது என்பதா? ஒரு பக்க வசனம் சொல்ல வேண்டியதை இரண்டு விரல்கள் சொல்லிவிட்டன என்பது மட்டும் உறுதி.

முகங்கள் விசித்திரமாகத் தெரிவதற்கு வேதியியல் காரணமும் உண்டு. 1920களின் நடுப்பகுதி வரை பரவலாகப் பயன்பட்ட படச்சுருள் சிவப்பு ஒளியை உணராதது. அதனால் உதடு கறுப்பாகப் பதியும், நீல வானம் வெள்ளையாகும், வெளிர்நீலக் கண்கள் கருவிழியே இல்லாததுபோல் தோன்றும். இதை ஈடுகட்டத்தான் நடிகர்கள் அடர்த்தியாக ஒப்பனை செய்துகொண்டார்கள். எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் புழக்கத்துக்கு வந்த பிறகு, 1928இல், டிரையர் தம் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’கில் நடிகை ஃபால்கொனெட்டியை ஒப்பனையே இல்லாமல் மிக அருகில் படம்பிடித்தார். முதலில் ஓர் 1919 படத்தையும், பிறகு இதையும் பார்த்தால், நடுவில் மாறியது நடிப்புப் பாணி மட்டும் இல்லை, படச்சுருளும்தான் என்பது விளங்கும்.

முகத்தைப் பற்றி இன்னொரு பயிற்சி. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ், நடிகர் மொஷூகினின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியதாகவும், பார்த்தவர்கள் முறையே பசி, துயரம், ஆசை ஆகியவற்றை அந்த முகத்தில் கண்டதாகவும் சொல்வார்கள். பிடித்த ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, இந்த முகத்தில் நான் காண்பது முகத்திலேயே இருக்கிறதா, முந்தைய ஷாட்டிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இதை இரண்டாம் முறை பார்க்கும்போது செய்யுங்கள்; முதல்முறை படத்தை நிறுத்தாமல் ஓடவிடுவதே முறை.

காணாமல் போனவை

அக்காலத்தில் பயன்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் நாளடைவில் மக்கிப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் பழையவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களும் குறைவு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 சதவீதமே முதலில் வெளியான வடிவில் முழுமையாக எஞ்சியிருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தென்னிந்தியாவின் முதல் முழுநீள மௌனப்படம், அடியோடு போய்விட்டது. ஆகவே பார்க்கும் படத்தின் நடுவில் ஒரு புகைப்படம் அசையாமல் நின்றாலோ, கறுப்புத் திரையில் விடுபட்ட காட்சியின் சுருக்கம் வந்தாலோ, அதைத் தாண்டி ஓட்டாமல் வாசியுங்கள்.

‘மெட்ரோபோலிஸ்’ஸின் 2010ஆம் ஆண்டு வடிவம் இதற்கு நல்ல பாடம். 1927இல் பெர்லினில் முதலில் திரையிட்டபின் விநியோகஸ்தர்கள் அதைக் கடுமையாக வெட்டினார்கள், வெட்டப்பட்டவை தொலைந்தன. 2008இல் புவெனஸ் ஐரிஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில், 16 மி.மீ. சுருளில், சுமார் 25 நிமிடக் காட்சிகள் கூடுதலாகக் கிடைத்தன. அவை மட்டும் இன்றும் கோடுகோடாகக் கீறலோடு தெரியும். அந்தக் கீறல்களையே வழிகாட்டியாகக் கொண்டு பார்த்தால், எவற்றைத் தேவையற்றவை என்று அன்றைய வியாபாரிகள் முடிவுசெய்தார்கள் என்பது புலப்படும்: துணைப்பாத்திரங்களின் கதைகள், நாயகனின் தந்தைக்கும் விஞ்ஞானிக்கும் இடையே இருந்த பழைய பகைக்கான காரணம். காரணம் போனபின் பகை மட்டும் மிஞ்சிய படத்தைத்தான் பல பத்தாண்டுகள் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. மௌனப்படக் காலத்துப் படங்கள் பலவற்றில் இனவெறி அப்பட்டமாக இருக்கிறது. வெள்ளையர்கள் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவராக நடிப்பது அன்று சாதாரணம். கிரிஃபித்தின் 1915ஆம் ஆண்டுப் படம் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ வெறுப்பமைப்பான கு கிளக்ஸ் கிளானை வீரர்களாகவே காட்டுகிறது. தொழில்நுட்பத்துக்காக அதைப் பார்த்தே தீர வேண்டும் என்பது பழைய வாதம். அதே நுட்பங்களை வேறு படங்களில் தாராளமாகக் காணலாம் என்பதால், வரலாற்று ஆர்வமும் மனத்திடமும் இருப்பவர்கள் மட்டும் அதை எடுத்தால் போதும் என்பது என் கருத்து.

மௌனப்படத்தை நேரடி இசையோடு பார்க்கும் வாய்ப்பு அமைந்தால் நழுவவிட வேண்டாம். இத்தாலியின் போர்டெனோனேயில் 1982 முதல் மௌனப்படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், திரைப்படச் சங்கங்களும் திரைப்பட விழாக்களும் அவ்வப்போது இத்தகைய காட்சிகளை நடத்துகின்றன. ஏற்கெனவே வீட்டில் பார்த்துவிட்ட படத்துக்குப் போவதே நல்லது. கதை தெரிந்திருப்பதால், கலைஞர் எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்துகிறார், அரங்கம் எங்கே சிரிக்கிறது, வீட்டில் தனியாகப் பார்த்தபோது நாம் சிரிக்காமல் விட்ட இடம் எது என்றெல்லாம் கவனிக்க அவகாசம் கிடைக்கும்.